வல்லாரைக்கும் வில்லங்கச் சான்று பாருங்கள்

"தம்பி, இந்த வல்லாரை எந்தத் தண்ணியில வளர்ந்தது?"

தாம்பரம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் சில உழவர்கள் சேர்ந்து ஒரு சின்ன சந்தை போடுகிறோம். அங்கே வாராவாரம் வரும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி இது. எழுபது வயதைத் தாண்டியவர். எனக்கே அறுபத்தைந்து ஆகிறது. அவருக்கு நான் தம்பிதான்.

"நான் ஒரு சொட்டு மருந்து அடிக்கலம்மா. உப்பு உரமும் போடல" என்றேன்.

"அதக் கேக்கல. தண்ணி எங்கேருந்து வருதுன்னு கேக்குறேன்."

எனக்குப் பதில் வரவில்லை. வங்கியில் 34 வருடம் வேலை பார்த்தவன் நான். வீட்டுக் கடன் கேட்டு வருபவரிடம் மூலப்பத்திரம் எங்கே, 30 வருட வில்லங்கச் சான்று எங்கே என்று துருவித் துருவிக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். என் சொந்தக் கீரைக்கு ஒரு கேள்விகூட நான் கேட்டுப் பார்க்கவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதன்பின் நடந்ததையும், அதிலிருந்து நான் படித்துக்கொண்டதையும் ஒரு பாடமாக இங்கே எழுதுகிறேன். முதலில் செடியைப் பற்றி. பிறகு தண்ணீருக்கு வருவோம்.

குடைப்பூக் குடும்பம்

வல்லாரைக்கு நான் வந்ததே செலரி வழியாகத்தான். சூப்பர் மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்களே, அந்தத் தண்டுதான். நல்ல விலை போகிறதே என்று இரண்டு வருடம் கார்த்திகையில் விதை போட்டுப் பார்த்தேன். இலை வந்தது, மணமும் வந்தது. தண்டு பருக்கவில்லை. பங்குனி வெயில் தொடங்கியதும் வாடிப் படுத்துவிட்டது. செலரி குளிர்ப் பயிர். ஊட்டியில் வரும், அகரம்தென் தாண்டி இருக்கும் என் 80 சென்ட் நிலத்தில் வராது.

ஏன் வரவில்லை என்று படிக்கப் போனபோது சுவையான செய்திகள் கிடைத்தன. இன்றைய செலரியின் மூதாதை காட்டுச் செலரி. ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் உப்பு கலந்த சதுப்புகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் தானாக வளர்வது. கசப்பு அதிகம். அதனால் வெகுகாலம் அது மருந்தாகவும் வாசனைப் பொருளாகவும்தான் இருந்தது. பண்டைய கிரேக்கத்தில் நெமியா விளையாட்டுகளில் வென்றவர்களுக்குக் காட்டுச் செலரியில் மாலை கட்டிப் போட்டார்கள். எகிப்தில் துட்டன்காமுன் கல்லறையில் கிடைத்த மாலைகளிலும் அதன் இலை இருந்தது. கசப்பைக் குறைத்து, தண்டைப் பருக்கவைத்து, அதைக் காய்கறியாக்கியது பிற்காலத்தில்தான்.

செலரியின் குடும்பத்துக்குத் தாவரவியலில் ஏபியேசியே என்று பெயர். காம்பின் நுனியில் ஒரே இடத்திலிருந்து குடைக்கம்பி விரிவதுபோலப் பூக்கள் விரிவதால் குடைப்பூக் குடும்பம் என்று சொல்லலாம். கொத்தமல்லிச் செடி பூத்திருக்கும்போது பாருங்கள், புரியும். நம் அஞ்சறைப் பெட்டியில் பாதி இந்தக் குடும்பம்தான்: மல்லி, சீரகம், சோம்பு, ஓமம், பெருங்காயம். கேரட்டும் இதில் சேர்ந்ததே. நாட்டு மருந்துக் கடையில் அசமதா ஓமம் என்று கேட்டால் கொடுக்கும் விதையும் இதே உறவு.

உறவு என்பதற்காக எல்லாரையும் வீட்டுக்குள் விட முடியாது. கி.மு. 399இல் சாக்ரடீசுக்குக் குடிக்கக் கொடுத்த ஹெம்லாக் நஞ்சும் இதே குடும்பத்துச் செடிதான். ஆகவே இந்தக் குடும்பத்தில் எதைப் பறித்தாலும் ஆள் யார் என்று உறுதி செய்துகொண்டே பறிக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் வல்லாரையும் இந்தக் குடும்பம் என்று தெரிந்தது. காட்டுச் செலரி அங்கே சதுப்பில் வளர்வதுபோல, வல்லாரை இங்கே ஏரிக்கரையிலும் வாய்க்கால் வரப்பிலும் வளர்கிறது. என் நிலத்தின் தாழ்ந்த மூலையில் யாரும் நடாமலே பாய் விரித்தாற்போலப் படர்ந்து கிடந்தது. செலரி விதைக்குக் காசு கொடுத்து ஏமாந்தவனுக்கு இது சும்மா கிடைத்த சொத்து மாதிரித் தெரிந்தது.

ஆளைச் சரியாக அடையாளம் காண்போம்

வல்லாரையின் தாவரவியல் பெயர் சென்டெல்லா ஏசியாட்டிகா. நம் ஊரில் சரஸ்வதிக் கீரை என்றும் சொல்வார்கள். இலங்கையில் சிங்களத்தில் கொட்டுகொல, மலாயில் பெகாகா. 1753இல் லின்னேயஸ் இதற்கு ஹைட்ரோகோட்டைல் ஏசியாட்டிகா என்று பெயர் வைத்தார். 1879இல் அர்பன் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் சென்டெல்லா இனத்துக்கு மாற்றினார். பழைய மருந்து நூல்களில் ஹைட்ரோகோட்டைல் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

அடையாளங்கள் இவை:

1. தரையோடு படரும் ஓடுதண்டு. கணுவுக்குக் கணு வேர் விடும். ஒவ்வொரு கணுவிலும் இலைக்கொத்து.

2. இலை சிறுநீரக வடிவம். விளிம்பு முழுக்கச் சிறு சிறு வளைவுப் பற்கள். காம்பு நீளம்.

3. காம்பு இலையோடு சேருமிடத்தில் இலை பிளந்திருக்கும். இதுதான் முக்கியமான அடையாளம்.

4. பூ மிகச் சிறியது, இளஞ்சிவப்பு. இலைக்குக் கீழே மண்ணை ஒட்டி ஒளிந்திருக்கும். குனிந்து இலையை விலக்கினால்தான் தெரியும்.

இதோடு குழப்பிக்கொள்ளும் செடிகள் மூன்று. முதலாவது, தண்ணீர்த் தொட்டி அழகுக்காக நர்சரிகளில் விற்கும் வட்ட இலைச் செடி. இனப்பெயர் ஹைட்ரோகோட்டைல். இதில் காம்பு இலையின் நடுவில் வந்து சேரும். தாமரை இலையைச் சின்னதாக்கியது போல இருக்கும். பிளவு இருக்காது. இந்த இனத்தை இப்போது குடைப்பூக் குடும்பத்திலிருந்தே பிரித்து வேறு குடும்பத்தில் வைத்துவிட்டார்கள். இரண்டாவது, எலிக்காதிலை. இலை ஓரளவு வல்லாரை போலத்தான். ஆனால் பூ மஞ்சள், மணி வடிவம். பூத்த பிறகு யாரும் ஏமாற மாட்டார்கள்.

மூன்றாவது, நீர்ப்பிரமி. இது பார்வைக் குழப்பம் இல்லை, பெயர்க் குழப்பம். நீர்ப்பிரமிக்கு இலை சின்னது, தடித்தது, பல் இல்லாதது. வல்லாரைபோல இருக்கவே இருக்காது. ஆனால் இரண்டையும் 'பிரம்மி' என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். ஆயுர்வேத மருந்து நூல்களில் பிரம்மி என்றால் நீர்ப்பிரமி, மண்டூகபர்ணி என்றால் வல்லாரை. பொடியாகிவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது. யாராவது 'பிரம்மி வேண்டும்' என்று ஆர்டர் கொடுத்தால் எந்தச் செடி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்துக் கணக்கு

'வல்லாரை உண்டோரிடம் மல்லாடாதே' என்று பழமொழியே இருக்கிறது. சித்த மருத்துவத்தில் இது கற்ப மூலிகை. வல்லாரை நெய், வல்லாரைச் சூரணம் எல்லாம் நெடுங்காலமாகப் பழக்கத்தில் இருப்பவை. நமக்குப் பக்கத்திலேயே தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் அங்கே மருத்துவமனையும் நடக்கிறது. மருந்தாகச் சாப்பிட நினைப்பவர்கள் அங்கே போய் நாடி காட்டி, கேட்டுச் சாப்பிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று தொடங்க வேண்டாம்.

வல்லாரையின் கசப்புக்கும் குணத்துக்கும் காரணமாக வேதியியலாளர்கள் சொல்வது ஏசியாட்டிகோசைடு, மேடகாசோசைடு முதலான பொருள்கள். இரண்டாவதின் பெயரிலேயே மடகாஸ்கர் இருக்கிறது. அந்தத் தீவு வல்லாரையை வைத்துத்தான் 1940களில் பிரெஞ்சுக்காரர்கள் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். புண் ஆறும் இடத்தில் கொலாஜன் என்ற புரதம் உருவாக இவை உதவுகின்றன. இதை வைத்துச் செய்த களிம்பு பல நாடுகளில் விற்கிறது. தோல், புண் விஷயத்தில் வல்லாரைக்குச் சான்று நன்றாகவே இருக்கிறது.

ஞாபக சக்திக்கு? இங்கே நாம் நேர்மையாகப் பேச வேண்டும். 2017இல் மனிதர்களிடம் நடந்த 11 சோதனைகளைத் திரட்டிப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. விழிப்பும் மனநிலையும் கொஞ்சம் மேம்படலாம். நினைவாற்றல் கூடுகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை என்பதே அதன் முடிவு. ஆகவே 'பரீட்சைக்கு மார்க் கூடும்' என்று பலகை எழுதி வல்லாரை விற்காதீர்கள். நல்ல கீரை என்று விற்றாலே போதும்.

எல்லை மீறினால் கெடுதலும் உண்டு. அர்ஜென்டினாவில் வல்லாரை மாத்திரையை 20 முதல் 60 நாள் வரை தொடர்ந்து சாப்பிட்ட மூன்று பெண்களுக்குக் கல்லீரல் பாதித்ததாக 2005இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். நிறுத்தியதும் தேறினார்கள். வாரம் ஒருமுறை, இருமுறை ஒரு கைப்பிடி கீரையாகச் சாப்பிடுவது வேறு. செறிவாக்கிய மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. கர்ப்பிணிகள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதை மருந்தாகச் சாப்பிடக் கூடாது.

என் பாத்தியில் நடந்தது

இனி அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

என் நிலம் ஓர் ஏரியின் கலங்கலுக்குக் கீழே இருக்கிறது. நான் வாங்கிய காலத்தில் மழை நாளில் மட்டும் வாய்க்காலில் தண்ணீர் வரும். பிறகு மேலே வீட்டு மனைகள் வந்தன. வாய்க்காலில் கோடையிலும் தண்ணீர் ஓடத் தொடங்கியது. சித்திரையிலும் அந்த மூலை காயாமல் இருந்தது. எனக்கு அப்போது மகிழ்ச்சி. கோடையில் எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும்: வீடுகளின் கழிவுநீர்.

அந்தத் தண்ணீரில் வல்லாரை செழித்தது. உள்ளங்கை அகலத்துக்கு இலை. வாரம் 40 கட்டு, கட்டு 15 ரூபாய் என்று எட்டு மாதம் விற்றேன். எல்லாம் கூட்டினால் 20,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். பெரிய தொகை இல்லைதான். ஆனால் நான் போட்ட பயிர்களிலேயே செலவே இல்லாமல் வந்த வருமானம் அதுதான்.

அந்த அம்மா கேட்ட மறுநாள் வாய்க்கால் தண்ணீரையும் இலையையும் எடுத்துக்கொண்டு ஒரு பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன். பத்து நாளில் அறிக்கை வந்தது. தண்ணீரில் மலக்குடல் கிருமிகள் இருந்தன. இலையில் ஈயம் கீரைகளுக்கு அனுமதித்த வரம்பைத் தாண்டியிருந்தது. கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர அமைப்பு இலைக்கீரைகளில் ஒரு கிலோவுக்கு ஈயம் 0.3 மில்லிகிராம், கேட்மியம் 0.2 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது.

அறிக்கையை என் மனைவியிடம் காட்டினேன். "என்னங்க, நம்ம பேத்திக்கும் இதத்தானே அரைச்சுக் குடுத்தோம்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

எங்கள் குழு பி.ஜி.எஸ். சான்று வைத்திருக்கிறது. உழவர்களே ஒருவர் நிலத்தை ஒருவர் போய்ப் பார்த்து உறுதி கொடுக்கும் முறை. குழுக் கூட்டத்தில் அறிக்கையை வைத்தேன். நண்பர் ஒருவர், "சார், பாத்திய அழிச்சிடுங்க, விட்டுடலாம். வெளிய சொன்னா நம்ம எல்லார் பேரும் கெட்டுடும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவருடைய கத்திரிக்காயும் வெண்டைக்காயும் என் பக்கத்து மேசையில்தான் இருக்கின்றன. ஒருவன் பெயர் கெட்டால் பத்துப் பேர் வியாபாரம் படுக்கும்.

ஆனால் வங்கியில் ஒரு கணக்கு தப்பாகிவிட்டால் அதை மறைப்பவர்தான் கடைசியில் மாட்டுவார் என்று நான் பார்த்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு மேசையில் ஓர் அட்டை வைத்தேன்: 'இதுவரை நான் விற்ற வல்லாரை வளர்ந்த தண்ணீர் சுத்தமானதல்ல. பரிசோதனையில் தெரிந்தது. வீட்டில் காயவைத்த பொடி இருந்தால் பயன்படுத்த வேண்டாம். பணம் திருப்பித் தரப்படும்.' பதினோரு பேர் பணம் வாங்கிக்கொண்டார்கள். மூன்று குடும்பம் அதன்பின் வரவே இல்லை. அந்த ஆசிரியை அம்மா அட்டையை இரண்டு முறை படித்துவிட்டு, "கீரை போனா போவுது, முருங்கக்காய் இருக்கா?" என்று கேட்டார்.

வல்லாரையில் ஏன் இது அதிகம்?

எல்லாக் கீரைக்கும் நல்ல தண்ணீர் வேண்டும். வல்லாரைக்கு ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது.

முதலாவது, அது தேடிப் போகும் இடமே தாழ்ந்த இடம். ஊர்த் தண்ணீர் எல்லாம் வந்து சேரும் இடம். இரண்டாவது, முருங்கைபோல உயரத்தில் இலை விடுவதில்லை; மண்ணோடு ஒட்டிக் கிடக்கிறது. கணுவுக்குக் கணு வேர் விட்டு எல்லா இடத்திலிருந்தும் உறிஞ்சுகிறது. மூன்றாவது, மண்ணில் இருக்கும் உலோகத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உடையது. மலேசியாவில் ஓர் இடத்தின் உலோக மாசை அறிய வல்லாரையையே காட்டிச் செடியாக வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். வேரில் அதிகமாகவும் இலையில் அதைவிடக் குறைவாகவும் சேர்வதைக் கண்டார்கள். மருந்துக்காக வேரோடு பிடுங்கிச் சமூலமாக உலர்த்தி விற்பவர்கள் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும். நான்காவது, இதைப் பலரும் பச்சையாகச் சாப்பிடுகிறார்கள்.

கிருமி வேறு, உலோகம் வேறு. உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் மண்ணும் ஓரளவு கிருமியும் போகும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் இலைக்குள் ஏறிய ஈயமோ கேட்மியமோ கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. நிழலில் காயவைத்தால் தண்ணீர்தான் போகும். உலோகம் பொடியில் செறிந்து நிற்கும். ஏறாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி.

நம் பகுதிக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர், திருநீர்மலை பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. இந்தப் பெயர்களில் பெரும்பாலானவற்றைச் சொன்னாலே ஏரி நினைவுக்கு வரும். ஏரிகள் ஒன்றுக்கொன்று சங்கிலி. செம்பாக்கம் ஏரி நிறைந்தால் தண்ணீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போய்ச் சேரும். மேலே ஓர் ஊர் விடும் கழிவு கீழே எல்லா ஊருக்கும் சொந்தம். குரோம்பேட்டைக்குப் பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. தோல் பதனிடுவதற்குக் குரோமிய உப்பு பயன்படும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது எந்தத் தண்ணீர் எந்த நிலத்தில் ஏறியது என்று யார் கணக்கு வைத்தார்கள்? உங்கள் நிலத்தில் நீங்கள் எதுவும் தெளிக்காமல் இருக்கலாம். தண்ணீர் உங்களைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

தண்ணீருக்கு வில்லங்கம் பார்ப்பது எப்படி?

முதலில் செலவில்லாத வழி. சித்திரை, வைகாசியில் வாய்க்காலோரம் மேல்நோக்கி ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். மழையில்லாத மாதத்தில் ஓடும் தண்ணீர் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். குழாய் எங்கே திறக்கிறது, லாரி எங்கே கொட்டுகிறது, பட்டறை எங்கே இருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நுரை, கறுப்புச் சேறு, முட்டை அழுகிய நாற்றம், ஆகாயத்தாமரை அடர்ந்து கிடப்பது எல்லாம் அறிகுறிகள்.

அடுத்து, ஹைட்ரஜன் சல்பைடு குப்பி. குறைந்த விலையில் கிடைக்கும். குறியிட்ட அளவுக்குத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் மலக்கலப்பு இருக்கும் தண்ணீர் கறுத்துவிடும். கறுத்தால் அந்தத் தண்ணீரைக் கீரைக்கு விடாதீர்கள். கறுக்காவிட்டால் கிருமிப் பயம் குறைவு என்று மட்டும்தான் பொருள். உலோகத்தை அது காட்டாது.

உலோகத்துக்குப் பரிசோதனைக்கூடம்தான் போக வேண்டும். வழக்கமான மண் பரிசோதனையில் கார அமில நிலை, உப்பு, தழை மணி சாம்பல் சத்துகளைத்தான் பார்ப்பார்கள். ஈயம், கேட்மியம், குரோமியம், ஆர்செனிக் வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். தண்ணீரைவிட இலையையே கொடுத்துப் பார்ப்பது நல்லது. நாம் சாப்பிடுவது அதைத்தானே. அங்கீகாரம் பெற்ற கூடமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தனியாகச் செலவு செய்யக் கட்டுப்படியாகாதவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து, ஒரே வாய்க்காலுக்கு ஒரு சோதனை என்று பகிர்ந்துகொள்ளலாம்.

புதிய பாத்தி போட்ட முறை

பழைய பாத்தியை வேரோடு பிடுங்கினேன். அதைக் கம்போஸ்ட் குழியில் போடவில்லை. போட்டால் உலோகம் உரமாகி எல்லாப் பயிருக்கும் போய்விடும். மாட்டுக்கும் போடவில்லை. அதே மூலையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, மேலே மூங்கிலும் கல்வாழையும் வைத்தேன். அந்த இடத்தில் இனி உண்ணும் பயிர் கிடையாது.

புதுப் பாத்தி நிலத்தின் மேட்டுப் பக்கம், கிணற்றுக்கு அருகில். கிணற்று நீரைச் சோதித்த பிறகே போட்டேன்.

அளவு: 4 அடி அகலம், 20 அடி நீளம், தரையிலிருந்து முக்கால் அடி உயரம். மழைக்காலத்தில் வாய்க்கால் நீர் ஏறாதபடி சுற்றிலும் வரப்பு.

நிழல்: தென்னைக்கும் வாழைக்கும் நடுவே பாதி நிழல். முழு வெயிலில் இலை சிறுத்துச் சிவக்கும். முழு நிழலில் காம்பு மட்டும் நீளும்.

மண்: நன்றாக மக்கிய தொழுவுரம் 10 கூடை, கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கு.

நடவு: மூன்று நான்கு கணு உள்ள ஓடுதண்டுத் துண்டுகள். இடம் தெரிந்த ஒருவரிடமிருந்து வாங்கினேன். அரை அடிக்கு ஒன்று. கணு மண்ணுக்குள் போகும்படி அழுத்தி, மேலே வைக்கோல் போட்டேன். ஆடி மாதம் நட்டால் பருவமழைக்குள் பிடித்துவிடும்.

நீர்: மண் எப்போதும் ஈரமாக, ஆனால் தேங்காமல். தேங்கினால் வேர் அழுகும். கோடையில் நாளுக்கு ஒருமுறை.

களை: முதல் இரண்டு மாதம் கோரைதான் எதிரி. கையால்தான் எடுக்க வேண்டும். வல்லாரை மூடிக்கொண்டால் களை குறைந்துவிடும். நத்தையைக் காலையில் பொறுக்கிவிடலாம்.

ஊட்டம்: இங்கே நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யமும் நல்லவைதான். ஆனால் இரண்டிலும் சாணம் இருக்கிறது. பச்சையாகத் தின்னும் கீரையின் இலைமேல் அறுவடைக்கு முன் அதைத் தெளிக்கக் கூடாது. நான் அறுத்து முடித்த மறுநாள் மண்ணில் மட்டும் ஊற்றுகிறேன். அதன்பின் அடுத்த அறுவடை ஒரு மாதத்துக்கு மேல் தள்ளி வருகிறது.

அறுவடை: நட்ட மூன்றாம் மாதம் முதல் வெட்டு. கத்தரிக்கோலால் காம்போடு வெட்ட வேண்டும், பிடுங்கக் கூடாது. 35 முதல் 40 நாளுக்கு ஒருமுறை வெட்டலாம். நிழலில் உலர்த்தினால் எனக்கு 10 கிலோ பச்சைக்கு ஒன்றேகால் கிலோ காய்ந்த இலை கிடைக்கிறது.

முதல் வெட்டை விற்கவில்லை. இலையைச் சோதனைக்குக் கொடுத்தேன். வரம்புக்குள் இருந்தது. இரண்டாம் வெட்டிலிருந்துதான் சந்தைக்குக் கொண்டுபோகிறேன். இப்போது வாரம் 12 கட்டுதான் வருகிறது. இலையும் பழையதுபோல அகலம் இல்லை. விலை 20 ரூபாய். அறிக்கையின் நகல் மேசையிலேயே இருக்கும்.

சமையலுக்கு

துவையல்: இரண்டு கைப்பிடி வல்லாரை, இரண்டு ஸ்பூன் உளுத்தம்பருப்பு, நாலு காய்ந்த மிளகாய், துளி இஞ்சி, மூன்று ஸ்பூன் தேங்காய்த் துருவல். நல்லெண்ணெயில் பருப்பும் மிளகாயும் வறுத்து, கீரையை இரண்டு நிமிடம் வதக்கி, உப்பு சேர்த்துக் கெட்டியாக அரைக்கவும். வல்லாரைக்குப் புளி சேர்க்கக் கூடாது என்று சித்த மருத்துவத்தில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் சேர்ப்பதில்லை. கசப்பு தெரியாமல் இருக்கத் தேங்காயே போதும்.

கூட்டு: பாசிப்பருப்பை வேகவைத்து, நறுக்கிய கீரையைப் போட்டு, சீரகம், மிளகு, தேங்காய் அரைத்துவிட்டால் ஆயிற்று. பிள்ளைகளுக்குப் பழக்க இதுதான் நல்ல தொடக்கம்.

யாழ்ப்பாணத்துச் சம்பல்: வல்லாரையைப் பொடியாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்துப் பிசைந்து, கடைசியில் தேசிக்காய் பிழிய வேண்டும். தேசிக்காய் என்றால் நம் எலுமிச்சை. சோற்றோடு அருமையாக இருக்கும். ஆனால் இது பச்சை. தண்ணீர் தெரியாத கீரையில் இதைச் செய்யவே கூடாது.

முடிக்குமுன் ஒரு செய்தி. என் பாத்தியில் இப்போது ஓடுதண்டு நிறைய இருக்கிறது. வல்லாரை போட நினைக்கும் உழவர்கள் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். ஈரச் சாக்கு ஒன்று கொண்டுவாருங்கள். கூடவே உங்கள் நிலத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நாற்று கொடுப்பேன். வங்கிக்காரன் புத்தி, கோபித்துக்கொள்ள வேண்டாம்.